கோர்ட் படி ஏறாமல் பிரிந்த கதை

1

சென்ற வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் புதிய தொடக்கத்துக்கு இன்றோடு ஓராண்டு, வாழ்த்துகள்' என்று மேலே எழுதி, ஓரத்தில் இரண்டு பச்சை இலைகளைப் படமாகப் போட்டிருந்தார்கள். அனுப்பியது என் விவாகரத்தை நடத்திக் கொடுத்த வக்கீல் அலுவலகம். கீழே பத்துக் கேள்விகள். சேவை எப்படி இருந்தது, காத்திருக்கும் அறை வசதியாக இருந்ததா, உங்கள் குரல் கேட்கப்பட்டதாக உணர்ந்தீர்களா, இந்த முறையை வேறு யாருக்காவது பரிந்துரைத்தீர்களா. கனடாவில் பல் பிடுங்கினாலும் இப்படிக் கேட்பார்கள், டயர் மாற்றினாலும் கேட்பார்கள். விவாகரத்துக்கும் கேட்பார்கள் என்பது எனக்குப் புதுசு.

டீ கொதிக்கிற நேரத்தில் நின்றபடியே ஒன்பது கேள்விக்குப் பதில் போட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து. பொய் இல்லை, அவர்கள் வேலையை நன்றாகத்தான் செய்தார்கள். பத்தாவது கேள்வியில் கை நின்றுவிட்டது. அதற்கு விளக்கம் எழுத அவர்கள் கொடுத்திருந்த கட்டம் இரண்டு வரிதான். எனக்கு அது போதாது, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

என் ஊர் வீரகேரளம்புதூர். தென்காசிப் பக்கம் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்ல மாட்டார்கள், வீ.கே.புதூர்தான். இங்கே வந்து பதினேழு வருஷம். ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. பதினைந்து வயதில் மீரா என்று ஒரு மகள். ஒரு வாரம் என்னிடம், மறு வாரம் அவள் அப்பாவிடம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஒரு காபிக் கடை வாசலில் அவள் பையோடு இந்தக் காரில் இருந்து இறங்கி அந்தக் காரில் ஏறுவாள். நானும் அவள் அப்பாவும் கண்ணாடியை இறக்கி நன்றி சொல்லிக்கொள்வோம். கல்யாணமாகி ஒன்றாக இருந்த வருஷங்களில் நாங்கள் ஒருவருக்கொருவர் ஒரு தடவை நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை.

2

கோர்ட்டில் சண்டை போடாமல் பிரிவதற்கு இங்கே ஒரு முறை இருக்கிறது. கொலாபரேட்டிவ் டைவர்ஸ் என்பார்கள். கூடிப் பேசிப் பிரிதல் என்று நானாகத் தமிழில் வைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு வக்கீல், அவருக்கு ஒரு வக்கீல், நான்கு பேருக்கும் ஒரு வட்ட மேசை. தலைமை என்று யாருக்கும் இடம் இருக்கக் கூடாதென்றுதான் வட்டமாம். முதல் நாளே நான்கு பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும்: நாங்கள் வழக்காடப் போவதில்லை. மீறி ஒருவர் கோர்ட்டுக்குப் போனால் இரண்டு வக்கீலும் விலகிவிடுவார்கள். புதிதாக ஆள் பிடித்து முதலில் இருந்து தொடங்கவேண்டும். அந்தப் பயத்திலேயே எல்லாரும் நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பார்கள்.

மேசையில் தண்ணீர் ஜாடி, டிஷ்யூ பெட்டி, ஒரு தட்டில் பிஸ்கட். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. 'நீ' என்று எந்த வாக்கியத்தையும் ஆரம்பிக்கக் கூடாது. மீராவிடம் பேசுவதற்கென்றே ஓர் அம்மா வந்தார். மீராவுக்கு என்ன வேண்டும், எந்தக் கட்டில், யார் வீட்டில் பியானோ என்பது வரை கேட்டு எழுதிக்கொண்டு வந்து மேசையில் படித்தார். ஆறு அமர்வில் முடிந்தது. கடைசியில் ஒரு நீதிபதி கையெழுத்துப் போட்டார், அவர் முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

நான் ஏன் பிரிந்தேன் என்று கேட்பீர்கள். என் கணவர் துரைப்பாண்டி அடிக்கிற ஆள் இல்லை, குடிக்கிற ஆள் இல்லை. பேச மாட்டார். ஒரு சின்ன மனத்தாங்கல் வந்தால் வாரக்கணக்கில் வாயைத் திறக்க மாட்டார். ஒரு தடவை நான்கு மாதம். சாப்பாடு போதுமா என்பதை மீரா வந்து கேட்டுவிட்டுப் போய்ச் சொல்லவேண்டும். அந்த நான்கு மாதத்தின் முடிவில்தான் பிரிந்துவிடலாம் என்று நான் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு அந்த மேசையில்தான் அவர் குரலைச் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் கேட்டேன். அவரைப் பேச வைப்பதற்கு அங்கே சம்பளத்துக்கு ஆள் இருந்தது.

தொடக்கத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள், ஆளுக்கொன்று, தனித்தனியே நிரப்பவேண்டும். அதில் ஒரு கேள்வி: இந்த முடிவால் பாதிக்கப்படக்கூடிய வேறு நபர்கள். மீராவின் பெயரை எழுதி, அதற்குக் கீழே 'வேறு எவரும் இல்லை' என்று எழுதினேன். அவரும் தன் தாளில் அப்படியே எழுதியிருந்தார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த என் வக்கீலம்மா, இந்த ஒரு விஷயத்திலாவது உங்களுக்குள் முழு ஒற்றுமை என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

3

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் தென்காசியில் ஒரு மண்டபத்தில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் நடந்தது. ராயகிரி துரைப்பாண்டி எனக்குத் தாலி கட்டினார். அவருடைய தங்கை மாரிச்செல்விக்கு என் அண்ணன் கோமதிநாயகம் தாலி கட்டினான். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எங்கள் பக்கம் அதிசயமே இல்லை. ஒரு மண்டபம், ஒரு மேளம், ஒரு பந்தி. போட்டோக்காரர் நான்கு பேரையும் ஒரே சோபாவில் நெருக்கி உட்கார வைத்து எடுத்த படம் இரண்டு வீட்டிலும் மாட்டியிருந்தது.

உங்கள் பெண் எங்கள் வீட்டில், எங்கள் பெண் உங்கள் வீட்டில், யாரும் யாரையும் கைநீட்டி அடிக்க மாட்டார்கள் என்பது பெரியவர்களின் கணக்கு. பாதுகாப்பு என்றார்கள். பிணை என்பதுதான் சரியான வார்த்தை. அண்ணன் மனைவி என்பதால் செல்வி எனக்கு மைனி. அவளுடைய அண்ணனைக் கட்டியதால் நான் அவளுக்கு மைனி. என்னைவிட மூன்று வயது சின்னவள் என்றாலும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மைனி என்றுதான் கூப்பிடுவோம். வாங்க போங்கதான்.

நான் விமானம் ஏறி வந்துவிட்டேன். அவள் என் வீட்டில் இருந்தாள். என் அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டையரானவர், தெருவில் இன்னும் ஏட்டையாதான். அவருடைய சர்க்கரை மாத்திரையும் அவருடைய கோபமும் செல்வியின் பொறுப்பு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா படுக்கையில் விழுந்தபோது அம்மாவைத் துடைத்து, குளிப்பாட்டி, சேலை மாற்றியது செல்வி. நான் இங்கே விமானச் சீட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மூன்றாவது நாள். மகள் வந்துவிட்டாள் என்று என்னைத்தான் முன்னால் உட்கார வைத்தார்கள்.

அப்படிப்பட்டவளைத்தான் 'வேறு எவரும் இல்லை' என்று எழுதினேன். மறந்துபோய் எழுதினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கும் செல்விக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே இருந்து இருந்து, கல்யாணம் என்றால் இரண்டு பேர் என்று எனக்கும் பழகிப்போய்விட்டது.

4

குடும்பத்தாருக்கு எப்படிச் சொல்வது என்பதற்கும் அந்த மேசையில் ஒரு அமர்வு நடந்தது. ஒரு பொது அறிக்கை தயாரித்தோம். 'நாங்கள் இருவரும் கலந்து பேசி, ஒருவரையொருவர் மதித்து, சேர்ந்து எடுத்த முடிவு இது. யார் மீதும் குறை இல்லை.' யார் முதலில் கேட்டது என்று எந்தக் காலத்திலும் யாரிடமும் சொல்வதில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு. அறிக்கையை நான்தான் தமிழாக்கம் செய்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் ஒரே நேரத்தில் அவர் ராயகிரிக்கும் நான் வீ.கே.புதூருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினோம்.

அப்பா உடனே கூப்பிட்டார்.

"ஏட்டி, ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பேசி ஒரு முடிவு எடுக்கத் தெரியுதுன்னா, நீங்க எதுக்குப் பிரியுதிய?"

ஆறு அமர்வில் யாரும் கேட்காத கேள்வி அது.

"எனக்குத் தெரியும். அவன் உன்ன வேண்டாம்னுட்டான். மானத்துக்குப் பயந்து நீ இப்படி எழுதுத. முப்பது வருஷமா நான் ஸ்டேஷன்ல எழுதாத ஸ்டேட்மெண்டா?"

இல்லையப்பா, நான்தான் கேட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஒப்பந்தம் வாயைக் கட்டிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அப்பா என்னைப் பாவம் என்று நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. கட்டிய புருஷனைத் தானே வேண்டாம் என்று சொன்னவள் என்ற பெயர் ஊரில் எனக்கு வேண்டாம் என்று இருந்தது. அந்தப் பெயர் வராமல் இருக்க நான் கொடுத்த விலை என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. விலையைக் கொடுத்ததும் நான் இல்லை.

மார்கழியில் அப்பா செல்வியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: உங்க அண்ணன் எங்க பிள்ளைய வேண்டாம்னுட்டான், நீயும் கொஞ்ச நாள் உங்க அம்ம வீட்டுல இரு. செல்வியின் மகள் அபிக்குப் பதினொரு வயது. அரைப்பரீட்சை இருக்கிறது என்று அவளை மட்டும் நிறுத்திக்கொண்டார். அண்ணனும் போலீஸ்தான். ஐயப்ப சீசன் பந்தோபஸ்து முடித்து அன்று காலையில்தான் வந்திருந்தான். செல்வி பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. கண்டுபிடித்தது மீரா. ஞாயிறுதோறும் அவள் அத்தையோடு வீடியோவில் பேசுவாள். இரண்டு பேரும் என்ன பேசுவார்களோ, இவளுடைய உடைந்த தமிழை அவள் கேலி செய்வாள், அவளுடைய இங்கிலீஷை இவள் கேலி செய்வாள். ஒரு நாள் மீரா வந்து, "அத்தை பின்னாடி இருக்கிற சுவர் பச்சையா இருக்கு, நம்ம தாத்தா வீட்டுச் சுவர் நீலம்தானே?" என்றாள். பொங்கலுக்கு ராயகிரி போயிருப்பாள் என்று சொன்னேன். மாசியிலும் சுவர் பச்சையாகவே இருந்தது.

5

நான் கூப்பிட்டால் அண்ணன் போனை எடுப்பான். "ம்" என்பான். "பாப்போம்" என்பான். அப்பாவிடம் கேட்டால் உனக்கு எதுக்கு அந்தக் கவலை, நீ அங்கன தனியாக் கிடந்து பாடு படுத, அதப் பாரு என்பார். செல்வி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல், நல்லா இருக்கியளா மைனி, மீரா ஒழுங்காச் சாப்பிடுதாளா என்பாள்.

சித்திரையில் விஷயம் பெரிதாயிற்று. செல்வியின் சித்தப்பா ஒருவர் வக்கீலைப் பார்த்துவிட்டார். கொடுமை செய்தார்கள், நகை கேட்டார்கள், அடித்தார்கள் என்று மனு தயார். அண்ணன் போலீஸ்காரன். வழக்குப் பதிவானால் சட்டையைக் கழற்றவேண்டி வரும். நடக்காததை எல்லாம் நடந்ததாக எழுதி செல்வியின் கையெழுத்துக்காக வைத்திருந்தார்கள். கோர்ட்டே வேண்டாம் என்று நாகரிகமாகப் பிரிந்தவள் நான். என் பிரிவு ஊரில் கோர்ட் வாசலில் போய் நின்றது.

ஆடி பிறப்பதற்கு முன்னால் லீவு போட்டுக் கிளம்பினேன். மீராவை அவள் தாத்தா வீட்டுக்குக் கூட்டிப்போக அவள் அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும், அதில் நோட்டரி முத்திரை வேண்டும். இல்லையென்றால் விமான நிலையத்தில் நான் பெற்ற மகளை நான் கடத்துகிறேன் என்று ஆகிவிடும். அவர் ஒரே நாளில் கொடுத்தார். செல்விக்காக நீங்களும் வாருங்கள் என்று செய்தி அனுப்பினேன். 'அது நம் ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள விஷயம். நன்றி' என்று பதில் வந்தது. கூடப் பிறந்த தங்கை. ஒப்பந்தம் அவருக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று கோபம் வந்தது. பிறகு எனக்கும் அப்படித்தானே என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

தென்காசியில் என்னோடு படித்தவள் ஒருத்தி வக்கீலாக இருக்கிறாள். கனடா மாதிரி இங்கே ஏதாவது உண்டா என்று கேட்டேன். "அப்படி மேச நாக்காலி போட்டுப் பேசுத ஏற்பாடெல்லாம் இங்கன எங்கட்டி இருக்கு? ரெண்டு பேரும் சம்மதம்னு மனுப் போடலாம். ஆறு மாசம் காத்துக் கிடக்கணும். எப்படியும் ரெண்டு தடவ ஜட்ஜ் முன்னால நிக்கணும்" என்றாள். எனக்குப் பிரிவு வேண்டாம், சேர்த்து வைக்கவேண்டும் என்றேன். அதுக்கு வக்கீல் எதுக்கு, நீ போயி உண்மையச் சொல்லு என்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

6

அண்ணனுக்குக் குற்றாலத்தில் சீசன் டூட்டி. பேரருவியில் தண்ணீர் கூடினால் விசில் ஊதி ஆட்களை வெளியேற்றுகிற வேலை. மத்தியானம் ஒன்றரை மணி நேரம்தான் ஓய்வு. அதனால் அங்கேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத இடம் என்பதும் ஒரு காரணம். வட்ட மேசை கேட்டேன். ரூம் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒரு டீப்பாயும் நான்கு பிளாஸ்டிக் நாற்காலியும் கொண்டுவந்து போட்டான். தண்ணீர் பாட்டில் வைத்தேன், டிஷ்யூ வைத்தேன், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் அடுக்கினேன். என்னென்ன பேசவேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அப்பா குடையோடு, அபியையும் கூட்டிக்கொண்டு வந்தார். செல்வி ராயகிரியில் இருந்து தனியாகவே பஸ் மாறி வந்தாள். சித்தப்பாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அண்ணன் காக்கிச் சட்டை நனைந்துபோய் வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அபி ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மீரா அவளை பால்கனிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே சாரல்.

"ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்க பேசக் கூடாதுப்பா" என்று ஆரம்பித்தேன்.

"குறுக்க பேசாம எப்படிட்டி உண்மை வரும்?" என்றார் ஏட்டையா.

யாரோ கதவைத் தட்டினார்கள். இடுப்பில் துண்டும் கையில் எண்ணெய்க் கிண்ணமுமாக ஒருவர் எட்டிப் பார்த்து, அண்ணாச்சி, எண்ணெ தேய்ச்சு விடணுமா என்று கேட்டார். அப்பா, பொறவு வாரும் என்றார். பிறகு உண்மையிலேயே தேய்த்துக்கொள்கிற எண்ணம் இருந்ததோ என்னவோ.

அண்ணனைப் பார்த்து, உனக்கு என்ன வேணும், நீ சொல்லு என்றேன்.

"அப்பா சொல்லுததுதான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

துரைப்பாண்டியும் இதே மாதிரிதான் தரையைப் பார்ப்பார். ஒருவர் பேசாமல் இருப்பதைத் தாங்க முடியாமல் நான் ஒரு நாட்டின் சட்டத்தையே கூப்பிட்டேன். செல்வி அதே மாதிரி ஒருவனோடு பதினேழு வருஷம் என் வீட்டில் இருந்திருக்கிறாள், நான் அதைக் கவனித்ததில்லை.

தாளை மடித்து வைத்தேன். "அப்பா, அவர் என்னத் தள்ளி வைக்கல. நான்தான் கேட்டேன். அவர் வேண்டாம்னு ரெண்டு தடவ சொன்னாரு. நான்தான் விடல."

அருவிப் பக்கம் இருந்து விசில் கேட்டது. அண்ணன் சட்டென்று எழுந்து, தண்ணி கூடுது என்று சன்னலைப் பார்த்தான். பிறகு ஞாபகம் வந்ததுபோல் உட்கார்ந்தான்.

செல்வி அவனைப் பார்த்தாள். "எவனோ ஒரு ஊர்க்காரன் வழுக்கி விழுந்துருவான்னு இந்த ஓட்டம் ஓடுதிய. நான் பஸ் ஏறையில வாசல்லதான நின்னிய?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "அப்ப, தப்பு நம்ம பிள்ள மேல" என்றார் யாரிடமோ சொல்வதுபோல. பிறகு செல்வியைப் பார்த்து, சந்தேகத்தில் பிடித்த ஆளை வெளியே அனுப்புகிற குரலில், "சரித்தா. நீ இன்னைக்கே வீட்டுக்கு வந்துரு" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. முடிந்துவிட்டது, ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நான் வரல மாமா" என்றாள் செல்வி.

அவள் குரல் உயரவே இல்லை. "மைனி கேட்டாவன்னா நான் குத்தமில்லாதவ. எங்க அண்ணன் கேட்டிருந்தா நான் குத்தக்காரி. ரெண்டுலயும் நான் என்ன செஞ்சேன் மாமா? நான் அடுப்படியிலதான இருந்தேன்?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "மார்கழியில ஒரு போன் போட்டு இதச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஏழு மாசம் ஆச்சு மைனி. ஏழு மாசமும் எங்கிட்ட மீரா சாப்பிட்டாளா, பனி கொட்டுதானு பேசிக்கிட்டுதான இருந்திய?"

"தப்புத்தான் மைனி. எம்மேல என்ன கோவம்னாலும் படுங்க. வீட்டுக்கு வாங்க. அண்ணன நினைச்சுப் பாருங்க" என்றேன்.

"அவரு நினைக்கட்டும்" என்றாள். "ஒரு வார்த்த. வான்னு ஒரு வார்த்த அவரு வாயால வரட்டும். அப்பா சொன்னாருன்னு இல்லாம."

நாங்கள் மூன்று பேரும் அண்ணனைப் பார்த்தோம். அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உதடு அசைந்தது. கடைசியில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "டூட்டிக்கு நேரமாச்சு" என்றான்.

செல்வி தலையை ஆட்டிக்கொண்டாள். எதிர்பார்த்தது கிடைத்ததுபோல் இருந்தது அவள் முகம். "மீரா எல்லாம் சொன்னா. அங்கன வட்ட மேசையாம். உங்களுக்கு ஒரு ஆளு, அண்ணனுக்கு ஒரு ஆளு, பிள்ளைக்குன்னு ஒரு ஆளாம். யாரும் யாரையும் அசிங்கமாப் பேச மாட்டாவளாம். எனக்கும் அதே மாதிரி எழுதிக் குடுங்க மைனி. சித்தப்பா வச்சிருக்க பொய்யில நான் கையெழுத்துப் போட மாட்டேன். இவரு வேலைக்கு என்னால ஒரு கேடும் வராது. ஆனா அந்த வீட்டுக்கு இனி வர மாட்டேன். அபி எங்கிட்ட வரணும்."

சேர்த்து வைக்க வந்தவள் நான். பிரித்து எழுத உட்கார்ந்தேன். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். ஸ்டேஷனில் எழுதிய பழக்கம், இன்னார் மகன் இன்னார், சுயநினைவோடும் யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் என்று கடகடவென வந்தது அவருக்கு. பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அபி ராயகிரி போகவேண்டும். முழுப்பரீட்சை முடிந்ததும் அம்மாவோடு இருக்கவேண்டும். எந்தத் தரப்பும் வழக்குப் போடுவதில்லை. சம்மத மனுவுக்கு இரண்டு பேரும் வரவேண்டும். ரெண்டு தடவ கோர்ட்டுல நிக்கணுமாம் மைனி என்றேன். "நிக்கேன்" என்றாள்.

கடைசியில் என் பழைய படிவத்தின் கேள்வி ஞாபகம் வந்தது. இதனால் பாதிக்கப்படக்கூடிய வேறு நபர்கள் யார் என்று செல்வியைக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. அபி என்றாள். மீரா என்றாள். எங்க அம்ம என்றாள். மாமா, அவருக்கு ராத்திரி மாத்திர எடுத்துக் குடுக்க ஆளு இல்ல, எழுதிக்கோங்க என்றாள். அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் எழுதிவிட்டுப் பேனாவோடு காத்திருந்தேன்.

"உங்க பேரு வேண்டாம் மைனி" என்றாள்.

7

ஆவணியில் தென்காசியில் மனுப் போட்டார்கள். முதல் தடவை இரண்டு பேரும் போய் நின்றுவிட்டு வந்தார்களாம். அண்ணன் அன்றைக்கும் ஒன்றும் பேசவில்லை என்று என் வக்கீல் தோழி சொன்னாள். மாசியில் இரண்டாவது தடவை. வெள்ளிக்கிழமைகளில் அப்பாதான் அபியைப் பஸ் ஏற்றி விடுகிறார். மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்கிறார். போடுகிறாரா என்று எனக்குத் தெரியாது.

மீரா இப்போதும் அத்தையோடு பேசுகிறாள், தன் அப்பா வீட்டில் இருக்கிற வாரம் மட்டும். என் வாரத்தில் பேசுவதில்லை. நான் கேட்டேன். அத்தைதான் அப்படிச் சொன்னாளா என்று கேட்டேன். இல்லை, நான்தான் முடிவு பண்ணினேன் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். அவளுக்கென்று அமர்த்திய அந்த அம்மா அவளுக்கு எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

பத்தாவது கேள்விக்கு இன்று காலை பதில் போட்டேன். இந்த முறையை யாருக்காவது பரிந்துரைத்தீர்களா? ஆம். எத்தனை பேருக்கு? ஒருவருக்கு. அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று அடுத்து ஒரு பட்டியல் திறந்தது. குடும்பத்தினர், நண்பர், உடன் பணிபுரிபவர், மற்றவை.

என் கையெழுத்தில் என் கணவரின் தங்கை என்ற உறவு போயிற்று. மாசியில் அவள் கையெழுத்தில் என் அண்ணன் மனைவி என்ற உறவும் போய்விடும். நண்பர் என்று போட எனக்குத் தைரியம் இல்லை. மற்றவை என்பதை அழுத்தினேன். உங்கள் நேரத்துக்கு நன்றி என்று வந்தது.